எந்த நிறம் எந்தக் கல்லில்

காரை ஓடைப்பள்ளங்களில் முதல்முறை இறங்குகிற மாணவர்கள் அளவுக்கு மீறிப் பார்த்துவிடுகிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த நிலம் அப்படிப்பட்டது. மழை கீறிக் கீறிக் கூறுபோட்ட களிமண் மேடுகள். மண்ணிலேயே சாம்பல், மஞ்சள், செங்காவி என்று பல நிறம். குறுக்கே ஓடும் ஜிப்சம் வெயிலில் பளபளக்கும். காலடியில் பாஸ்பேட் உருண்டைகள், துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பெலம்நைட்டுகள், விலா விலாவாக வரி விழுந்த அம்மோனைட் துண்டுகள், சிப்பி ஓடுகள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி.

ஒரு சுற்று நடந்துவிட்டு மேடேறி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மளமளவென்று சொல்வார்கள். தேன் நிறம், சாம்பல் நிறம், உருளை, சுருள், வரி, பளபளப்பு, எல்லாம் வரும். ஒன்றும் பொய்யில்லை. “சரி, தேன் நிறத்தில் இருந்தது எது?” என்று கேட்டதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பெலம்நைட் என்று ஒரு பெண் சொல்வாள், சிப்பி என்று பக்கத்தில் நிற்பவன் அடித்துப் பேசுவான். இருவருமே நிச்சயமாக இருப்பார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

நான் ஜியாலஜி படித்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது கல்லூரிப் பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிப் போகிறேன். நிறம் தனியாக மனதில் நிற்கும், வடிவம் தனியாக நிற்கும், இந்த நிறம் இந்த வடிவத்துக்கு உரியது என்கிற முடிச்சு மட்டும் முதலில் அவிழும். தொழிலில் நான் கண்ட பெரும்பாலான குளறுபடிகளுக்கு அடியில் இதுதான் இருந்தது. மனோதத்துவக்காரர்கள் இதைத் தனியாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

சுரங்கத்திலிருந்து தொடங்குகிறேன். அரியலூரைச் சுற்றியுள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அங்கே சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. கடல் சிப்பிகள் குவிந்து இறுகிய கல் அது. சில அடுக்குகளில் கிரைபியா என்கிற தடித்த, நகம்போல வளைந்த சிப்பி நெருக்கியடித்துக் கிடக்கும். சிலவற்றில் இனோசெரமஸ். அதன் ஓடு உடைந்தால் ஊசி ஊசியாகப் பிரியும். எல்லா அடுக்கும் ஒரே தரம் இல்லை. மணல் கலந்த அடுக்கில் சிலிக்கா ஏறிவிடும். வெடி வைக்கத் துளை போடும்போது மெஷின் வெளியே தள்ளுகிற தூளை மீட்டர் கணக்கில் தனித்தனிக் குவியலாக வரிசையாக வைப்பார்கள். ஜியாலஜிஸ்ட் வரிசையோடு நடந்து நிறம் பார்க்க வேண்டும், விரலிடுக்கில் தேய்த்து நறநறப்புப் பார்க்க வேண்டும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு எப்படி நுரைக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்து பொங்கி நுரைத்தால் நல்ல கல். மஞ்சளாக, நறநறவென்று, சோம்பலாக நுரைத்தால் மணல்.

இது மூன்றையும் ஒரு பயிற்சியாளர் எப்படிச் செய்வார் என்றால், முதலில் வரிசை முழுக்க நடந்து நிறம் பார்த்துவிடுவார். திரும்பி வரும்போது தேய்த்துப் பார்ப்பார். கடைசியாக அமிலக் குப்பி. பிறகு நிழலில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். லேப் முடிவு வந்த பிறகு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எத்தனை மஞ்சள் குவியல் என்பது சரி. எத்தனை சோம்பலாக நுரைத்தன என்பதும் சரி. எந்த மஞ்சள் சோம்பலாக நுரைத்தது என்பதுதான் இடம் மாறிக் கிடக்கும். ஆலைக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான். அந்த முடிச்சு இல்லாத நோட்டை நம்பிக் கல் அனுப்பினால் கிரஷரில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகப் போய் விழும்.

எங்கள் டிரில் மேஸ்திரி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். புதிதாக வரும் ஜியாலஜிஸ்டுகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான். “ஒரு குமியல முழுசாப் பாத்து எழுதிப்புட்டு அடுத்ததுக்குப் போங்க தம்பி. எல்லாத்தையும் பாத்துட்டு எழுதுறேன்னா ஒண்ணையும் பாக்கலைன்னு அர்த்தம்.”

இதே விஷயத்தை 1980இல் மனோதத்துவ ஆய்வாளர் ஆன் டிரீஸ்மன் தன் சகா கேரி ஜெலேடோடு சேர்ந்து ஒரு கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். நிறம், வடிவம், சாய்வு போன்ற அம்சங்களை மூளை ஒரே சமயத்தில், பரந்துபட்டுப் பிடித்துவிடுகிறது. அவற்றை ஒரு பொருளாகச் சேர்த்துக் கட்ட, கவனம் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். 1982இல் ஹிலரி ஷ்மிட்டோடு அவர் செய்த சோதனையை நான் மாணவர்களுக்கு விரும்பிச் சொல்வேன். நிற எழுத்துகளை வரிசையாகக் கண்ணிமைக்கும் நேரம் காட்டுகிறார்கள். இரு ஓரத்திலும் கறுப்பில் ஒவ்வொரு எண். முதலில் எண்களைச் சொல்ல வேண்டும், பிறகு எழுத்துகளை. கவனம் எண்களில் மாட்டிக்கொண்டதால், ஒரு எழுத்தின் நிறத்தை இன்னொரு எழுத்துக்கு ஏற்றிப் பலர் சொன்னார்கள். அப்படியே பார்த்ததாக நம்பியும் சொன்னார்கள். காரையில் அடித்துப் பேசுகிற பையனும் அந்த வகைதான்.

தேடும்போதும் இதுவே நடக்கிறது. ஜிப்சத்தைத் தேட வேண்டியதே இல்லை, அதுவே கண்ணில் வந்து குத்தும். பளபளப்பு என்கிற ஒரே அடையாளம் போதும். பெலம்நைட் அப்படியில்லை. அதன் நிறம் பக்கத்து மண்ணிலும் உண்டு, அதன் உருளை வடிவம் சுக்கான்கல் துண்டிலும் உண்டு. அந்த நிறமும் அந்த உருளையும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கண்ணை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். ஆடு மேய்க்க வரும் ஒரு அம்மா எங்கள் பிள்ளைகள் மொத்தப் பேரையும்விடச் சீக்கிரம் எடுத்துவிடுவார். எப்படி என்று கேட்டபோது, “எல்லாத்தையும் பாத்தா எப்படிச் சாமி கெடைக்கும்? நான் அந்தத் தோட்டா ஒண்ணத்தான் பாக்குறேன்” என்றார்.

அரியலூரில் தங்கும் இரவுகளில் ஒரு விளையாட்டு நடத்துவேன். மேஜையில் நான்கு கல். தேன் நிறப் பெலம்நைட், சாம்பல் சிப்பி, காவி படிந்த அம்மோனைட் துண்டு, வெளுத்த பாஸ்பேட் உருண்டை. கொஞ்ச நேரம் பார்க்கவிட்டு ஈரிழைத் துண்டால் மூடுவேன். மூடிய மறைவில் மாற்றுவேன். கல்லக்குடிப் பவளச் சுண்ணாம்புக்கல் ஒன்றைப் புதிதாக வைத்தால் திறந்த கணத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பையில் ஜோடிக் கற்கள் உண்டு. தேன் நிறப் பெலம்நைட்டை எடுத்துவிட்டுச் சாம்பல் பெலம்நைட், சாம்பல் சிப்பிக்குப் பதில் தேன் நிறச் சிப்பி. இப்போது மேஜையில் பழைய நிறங்கள் எல்லாமே இருக்கின்றன, பழைய வடிவங்களும் இருக்கின்றன. கட்டு மட்டும்தான் மாறியிருக்கிறது. துண்டை எடுத்ததும் பாதிப் பேர் “ஒண்ணும் மாறலையே சார்” என்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். நான்கையும் திறந்து காட்டாமல், துண்டுக்கடியிலிருந்து ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்து நீட்டி “இது முன்னாடி இருந்துச்சா?” என்று கேட்டால் தடுமாற்றம் குறைகிறது. வீலரும் டிரீஸ்மனும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள். சோதிக்கும் நேரத்தில் முழுக் காட்சியையும் மறுபடி விரித்தால், நிறமும் வடிவமும் தனித்தனியாக நினைவில் நிற்பதைவிட அவற்றின் சேர்க்கை நினைவு மோசமாகிறது. ஒற்றைப் பொருளை மட்டும் காட்டிக் கேட்டால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. கவனம் பல இடத்துக்குச் சிதறும்போது கட்டு தளர்கிறது என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இதற்கு 5 ஆண்டுகள் முன்னால், 1997இல், ஸ்டீவன் லக்கும் எட்வர்ட் வோகலும் ‘நேச்சர்’ இதழில் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். காட்சி நினைவு ஏறக்குறைய 4 பொருள்களைத் தாங்கும், அந்தப் பொருள் ஒவ்வொன்றுக்கும் நிறம், சாய்வு, அளவு, இடைவெளி என்று 4 அம்சம் இருந்தாலும் சுமை கூடுவதில்லை, ஆக 16 அம்சங்களை 4 மூட்டையாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம்பத்தான் மனம் வரவில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்துவிட்டு வந்த யாரும் அதைத் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 18 மீட்டருக்கு மேல் நீளம், மரத்தின் தோற்றம், தொட்டால் கல். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. சுற்றிலும் வேலி, நடுவில் அது ஒன்றுதான். கண்ணுக்கு வேறு வேலையே இல்லை. காரையில் அந்தச் சொகுசு கிடையாது.

துண்டு விளையாட்டில் இன்னொரு படியும் உண்டு. கற்களை மூடிவிட்டேன், திறக்கவில்லை. அந்த இடைவெளியில் “சிப்பி” என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன். பிறகு திறந்தால் சிப்பியின் நிறம் மாறியதா இல்லையா என்று சரியாகச் சொல்கிறவர்கள் கூடுகிறார்கள். கல் கண்ணெதிரில் இல்லை, மனதில்தான் இருக்கிறது, அங்கேயும் கவனத்தை ஒரு கல்லின் மேல் கொண்டுபோய் நிறுத்த முடிகிறது. 2003இல் கிரிஃபினும் நோப்ரேயும் இப்படிக் காட்சி மறைந்த பிறகு கொடுக்கும் குறிப்பு உதவுவதைச் சோதனையில் காட்டினார்கள். நம்மூர் அவதானிகளுக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலரின் கலையில், முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டே வெண்பாவுக்கு ஈற்றடி பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார் என்று சபை நினைக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் மாறி மாறிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறார் என்பதே என் அனுமானம்.

கட்டைப் பிடித்து வைக்கக் கவனம் எவ்வளவு தேவை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரு வழக்கு இன்றும் ஓடுகிறது. ரிச்சர்ட் ஆலன், ஆலன் பேடலி, கிரகாம் ஹிட்ச் மூவரும் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நினைவில் வைத்திருக்கும் நேரத்தில் ஆட்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். நினைவு கெட்டது, ஆனால் நிறம், வடிவம், சேர்க்கை மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் கெட்டன. சேர்க்கைக்கென்று தனியாகக் கூடுதல் கவனம் வேண்டியிருக்கவில்லை. 2009இல் டேரில் ஃபூக்னியும் ரெனே மாருவாவும் வேறு வேலை கொடுத்தார்கள். ஒன்றுபோல இருக்கும் பல புள்ளிகள் திரையில் அலைய, அவற்றில் சிலவற்றைக் கண்ணால் விடாமல் தொடர வேண்டும். இங்கே சேர்க்கைதான் அதிகம் அடி வாங்கியது.

இரண்டு தரப்பும் சரி என்பேன், ஏனென்றால் இரண்டும் களத்தில் நடப்பவை. ஒரு பாறை முகப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நாங்கள் காலடியை எண்ணிக்கொண்டே நடப்போம், தூரம் குறிக்க. எண்ணிக்கொண்டு வரும் பையனுக்குப் பார்த்ததில் பாதி மறந்துபோகும், ஆனால் மிஞ்சிய பாதியில் குழப்பம் இருக்காது. எண்ணாமல், வழியில் கிடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருபவன்தான் ஆபத்தானவன். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், எல்லாம் இடம் மாறி. (ஆட்டு மந்தையில் இரண்டு ஆடுகளைக் குறித்து வைத்து விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள், ஃபூக்னியின் சோதனை என்னவென்று புரிந்துவிடும்.) பேடலி குழுவினரே 2011இல் இன்னொன்றும் கண்டார்கள். நினைவில் வைக்க வேண்டியவற்றைக் காட்டி முடித்த பின், பார்க்க வேண்டாம் என்று சொல்லியே அதே வகையில் இன்னொரு நிற உருவத்தைக் காட்டினாலும் கட்டு குலைகிறது. அடுத்த கல்தான் முந்தைய கல்லுக்கு எமன்.

2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் ஏரி மண் அள்ளியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று பேச்சு கிளம்பி, படங்கள் செல்போன் செல்போனாகப் பறந்தன. அவை கடல் படிவில் திரண்ட உருண்டைக் கற்கள், முட்டை இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. அப்போது என்னிடம் பேசியவர்கள் சொன்ன வர்ணனை எனக்கு மறக்காது. முட்டை வடிவம், மேலே ஓடு மாதிரி ஒரு படலம், உள்ளே சுருள். எந்தக் கல்லில் ஓடு, எந்தக் கல்லில் சுருள் என்று கேட்டால் பதில் இல்லை. குவியலாகக் கிடந்த பல கற்களின் அம்சங்கள் ஒன்றாகச் சேர்ந்து, யாருமே பார்க்காத ஒரு முட்டை உண்டாகியிருந்தது.

பொருள் கையில் இருந்தால் போய்ச் சரிபார்த்துவிடலாம். இல்லையென்றால் கஷ்டம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் என்கிற டைனோசரின் எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் விவரித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பிறகு கழுத்து நீண்ட தாவர உண்ணி வகைக்கு மாறியது. அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. வரைபடங்களையும் சில புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்த எலும்புகள் விவரிக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்து அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து 1862இல் எழுதினார். இங்கிருந்து போன தொல்லுயிர் எச்சங்களை 1861 முதல் 1873 வரை வந்த தொகுதிகளில் அவரும், பெரும்பகுதி ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் விவரித்தார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அழகான படங்களைவிட, ஒவ்வொரு உயிரினத்தின் கூடவும் கிடைத்த ஊர் பெயர் போட்டிருக்கும் சிரத்தைதான். ஊர் தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, ஆய்வுக்குக் குப்பை. இந்தப் பக்கம் வீடு வீடாக அப்படிப்பட்ட கற்களைப் பார்க்கிறேன்.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. மரியோ பாராவும் கூட்டாளிகளும் ஆல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களைச் சோதித்தபோது, நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்து நினைவில் வைப்பது குறிப்பாகப் பாதிக்கப்படுவதைக் கண்டார்கள். பரம்பரையாக அந்த நோய் வரும் கொலம்பியக் குடும்பங்களில், நோய் வெளிப்படும் முன்பே இது தெரிந்தது. படித்த அன்று எனக்குத் திக்கென்றது. சாதாரண முதுமையில் மொத்த நினைவு குறைந்தாலும் கட்டு மட்டும் தனியாகக் குலைவதில்லை என்று அவரும் பங்குகொண்ட 2008 ஆய்வு ஒன்று சொன்னதைப் பார்த்த பிறகு துண்டு விளையாட்டைத் தைரியமாகத் தொடர்கிறேன்.

செல்போன் வந்த பின் பிள்ளைகள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள் என்று சக ஆசிரியர்கள் புலம்புவார்கள். லிண்டா ஹெங்கல் 2014இல் அருங்காட்சியகத்தில் வைத்துச் செய்த ஆய்வு அவர்கள் பக்கம் பாதி பேசுகிறது. பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட நினைவு குறைந்தது. பொருளின் ஒரு பகுதியைப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. அதனால் நான் போனைத் தடுப்பதில்லை. மேட்டில் நின்று பள்ளத்தை வளைத்து எடுக்கும் படத்தைத்தான் தடுக்கிறேன். ஒரு கல், பக்கத்தில் அளவுக்கு ஒரு 5 ரூபாய் நாணயம், குனிந்து கிட்டத்தில் ஒரு படம். உடனே நோட்டில் எண், நிறம், வடிவம், எந்த அடுக்கு. அதே எண் துணிப்பையின் மேலும், உள்ளே போடும் சீட்டிலும். இவ்வளவும் முடிகிற வரை அடுத்த கல்லைப் பார்க்கக் கூடாது, கூட்டாளி கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

காரைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் ஜிப்சம் பளபளத்து வேறு எதையும் பார்க்கவிடாது. பஸ்ஸில் போவதென்றால் திங்களும் வெள்ளியும் வேண்டாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் அந்த இரண்டு நாள்தான் நடை திறப்பார்கள், பஸ்ஸில் கூட்டம் தாங்காது, கல் மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.